விரல் மடங்காத கையால் சக்கர நாற்காலியைத் தள்ள முடியுமா?

கிருஷ்ணகிரியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: கழுத்துத் தண்டுவடத்தில் சி6 அளவில், அதாவது கழுத்தின் ஆறாவது நரம்பு மட்டத்தில், அடிபட்ட தம்பிக்கு விரல்கள் மடங்கவில்லை, கையால் தள்ளும் நாற்காலி வாங்கலாமா என்று.

தாராளமாக வாங்கலாம். சி6 காயத்தில் பெரும்பாலும் தோளும், முழங்கையை மடக்கும் தசையும், மணிக்கட்டைத் தூக்கும் தசையும் வேலை செய்யும். சக்கரத்தின் வெளிப்பக்கம் இருக்கும் தள்ளு வளையத்தைப் பிடிக்கவே வேண்டாம். உள்ளங்கையின் அடிப்பகுதியை அதன் பக்கவாட்டில் அழுத்தி முன்னே தள்ளினால் போதும். வெறும் ஸ்டீல் வளையம் வழுக்கும். ரப்பர் பூச்சுள்ளது கிடைக்காவிட்டால் பழைய சைக்கிள் டியூபை இறுக்கிச் சுற்றுங்கள்.

கையுறை கட்டாயம். உணர்ச்சி குறைந்த கை, சரிவில் இறங்கும்போது உராய்வுச் சூட்டில் பொசுங்கினாலும் தெரியாது. சித்திரை வெயிலில் நின்ற நாற்காலியின் வளையமும் சுட்டுவிடும்.

அப்புறம் ஒன்று, தயவுசெய்து கேளுங்கள்: மணிக்கட்டைப் பின்னால் வளைத்தபடி விரல்களை நீட்டி இழுக்காதீர்கள். விரல்களை அவரால் மடக்க முடியாவிட்டாலும், மணிக்கட்டைத் தூக்கினால் தசைநார் இழுபட்டு அவை தானாக மடங்கும். அந்த இறுக்கத்தை வைத்துத்தான் அவர் டம்ளரைப் பிடிக்கப் போகிறார்.

கனமான மடக்கு நாற்காலி வேண்டாம். வேலூர் பாகாயத்தில் உள்ள சிஎம்சி மறுவாழ்வு மையத்தில் காட்டி, அளவு கேட்டு வாங்குங்கள். மேடான தெருவென்றால், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் பேட்டரி நாற்காலிக்கும் விண்ணப்பியுங்கள்.