வளர்ப்புப் பூனையைக் கேம்பிங்குக்குக் கூட்டிக்கொண்டு போகலாமா? பாதுகாப்பாக இருக்குமா?

போகலாம், உங்கள் பூனை ஒத்துக்கொண்டால். இதைப் படித்ததும் “வாயில்லா ஜீவனை ஏன் வதைக்கிறீர்கள்” என்று சிலர் வருவார்கள் என்று தெரியும். எல்லாப் பூனையையும் தூக்கிக்கொண்டு மலையேறுங்கள் என்று நான் சொல்லவில்லை. காலிங் பெல் அடித்தாலே கட்டிலுக்கடியில் ஓடுகிற பூனை என்றால் வீட்டிலேயே விட்டுவிட்டு, தெரிந்தவர்களிடம் சாவியைக் கொடுத்துப் போங்கள்.

நீங்கள் அடுக்குமாடி வீட்டில் பூனை வளர்ப்பவர், அதைத் தனியே விட்டுப்போக மனசு வராமல் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அதனால்தான் ஆரம்பித்தேன். எங்கள் பூனை செவலை கருத்தடை செய்த ஆண். திருச்சியிலிருந்து கொல்லிமலைக்கு, ஒரு காப்பித் தோட்டத்துக்குள் கூடாரம் போட அனுமதிக்கிற இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனோம். முதுமலை, ஆனைமலை மாதிரி புலிகள் காப்பகங்களுக்குள் செல்லப்பிராணிக்கு அனுமதி கிடையாது. அந்தப் பக்கம் யோசிக்கவே வேண்டாம்.

அதற்குப் பல வாரம் முன்பே வீட்டுக்குள் ஹார்னஸ் பழக்கினோம். கழுத்துப் பட்டையில் கயிறு கட்டாதீர்கள். நெஞ்சைச் சுற்றிப் பனியன் மாதிரி வருகிற வகைதான் சரி. உள்ளே இரண்டு விரல் நுழைகிற அளவு இறுக்கம் போதும். அதற்கு மேல் தளர்ந்தால் பூனை பின்னாலேயே நகர்ந்து உருவிக்கொண்டு போய்விடும். கூண்டுப் பெட்டியையும் நடுக்கூடத்தில் திறந்து வைத்து, அதற்குள்ளேயே சோறு வைத்தோம். தானாகப் போய்ப் படுக்க ஆரம்பித்த பிறகுதான் தேதியே குறித்தோம்.

கிளம்புகிற நாள் விடியற்காலை, பேசி வைத்திருந்த வாடகைக் கார் டிரைவர் பெட்டியைப் பார்த்ததும், “பூனைய ஏத்திக்கிட்டு மலை ஏற முடியாதுக்கா, சகுனம் சரியில்ல” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இது எனக்குப் புதிதில்லை. வீடு தேடி அலைந்தபோது நாய் என்றால் காவலுக்காச்சே என்று சொன்ன வீட்டுக்காரர்கள், பூனை என்றதும் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தார்கள். எலி வந்தால் மட்டும் பூனை வேண்டும், குடியிருக்க வந்தால் ஆகாது! கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கடைசியில் என் தம்பிதான் வண்டி ஓட்டினான்.

கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு. நாலு மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்தியிருந்ததால் வாந்தி இல்லை. பெட்டியை சீட் பெல்ட்டில் கட்டி, பாதியை மட்டும் துணியால் மூடினோம். பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் உடனே நிறுத்துங்கள். நாய்க்கு அது சாதாரணம், பூனைக்கு ஆபத்து. மூடிய காரில் ஐந்து நிமிஷம்கூடத் தனியே விடாதீர்கள்.

அன்று சாயங்காலம் செவலையின் காதோரம் ஒரு உண்ணி. பக்கத்துக் கூடாரத்தில் நாயோடு வந்தவர் அக்கறையாகத் தன் நாய்க்குப் போடும் சொட்டு மருந்தை நீட்டினார். மருந்தின் அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். பெர்மெத்ரின். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இந்தப் பதிலில் வேறெதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். பூனையின் ஈரலால் அந்த மருந்தை உடைக்க முடியாது. நடுக்கம், வலிப்பு, சாவு வரை போகும். பாராசிட்டமாலும் அப்படித்தான், ஒரு மாத்திரையே கொல்லும். உண்ணியைத் தோலை ஒட்டி இடுக்கியால் பிடித்து நேராக இழுத்து எடுத்தேன். பூனைக்கென்றே உள்ள உண்ணி மருந்தைக் கிளம்பும் முன்பே டாக்டரிடம் கேட்டுப் போட்டுவிடுவது நல்லது.

ராத்திரி யாரோ வெடி வெடித்தார்கள். மலையில் எதற்கு வெடி? நமக்குக் கேட்காத உச்ச ஒலியும் பூனைக்குக் கேட்கும். செவலை ஒரே பாய்ச்சலாகப் பெட்டிக்குள் போய்விட்டான். ஹார்னஸும் கயிறும் இருந்ததால் தோட்டத்துக்குள் ஓடவில்லை, பழகிய பெட்டி பக்கத்திலேயே இருந்ததால் வேறெங்கும் போகவும் நினைக்கவில்லை. இருட்டிய பிறகு கயிற்றோடுகூட வெளியே விடாதீர்கள். தெருநாய், பாம்பு இரண்டும் எந்த மலையிலும் உண்டு. கழுத்துப் பட்டையில் போன் நம்பர் இருக்கட்டும், அதுவும் இழுத்தால் கழன்றுகொள்கிற வகையாக.

பூனை கழிவு போகிற மணல் தட்டுக்கு, வீட்டில் ஏற்கனவே பயன்படுத்திய மணலில் கொஞ்சம் கலந்து கொண்டுபோனால் அந்த வாசனைக்கே பூனை சமாதானமாகிவிடும். கழிவை அங்கே கொட்டாமல் பையில் கட்டித் திரும்பக் கொண்டுவாருங்கள். வீட்டுப் பூனையிடமிருந்து பான்லுகோபீனியா என்ற, வாந்தி பேதி வந்து கொல்லும் வைரஸ் காட்டுப்பூனைக்கும் தொற்றும். நம் பூனைக்கும் அங்கிருந்து எதுவும் ஒட்டாமலிருக்க டிரைகேட் (பூனைகளின் மூன்று வைரஸ் நோய்களுக்கானது), ரேபிஸ் இரண்டு தடுப்பூசியும் போட்டிருக்க வேண்டும். போடவில்லையென்றால் முதலில் அதைப் போட்டு, சில வாரம் கழித்துக் கிளம்புங்கள்.