அறை வெப்பத்தில் டிஎன்ஏ எவ்வளவு அதிரும்?

கேள்வி: சென்னையில் மே மாதம் ஏசி நின்று ஆய்வகம் 25 டிகிரியிலிருந்து 38க்கு ஏறினால், டிஎன்ஏவின் அதிர்வு மாறுமா, இழை பிரியுமா?

அதிர்வு கொஞ்சம்தான் கூடும். வெப்ப ஆற்றல் ஏறுவது கெல்வின் கணக்கில்: 298லிருந்து 311, அதாவது சுமார் 4 சதவீதம். அலைஎண்ணில் (ஒரு சென்டிமீட்டரில் எத்தனை அலைகள் என்ற கணக்கு; அதிர்வின் ஆற்றலை இப்படிச் சொல்வார்கள்) 25 டிகிரிக்கு அது சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 207. டிஎன்ஏவின் எழுத்துகளான காரங்களில் உள்ள கார்பன்-ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்போ அதே அலகில் 1,700 வாக்கில் அதிர்கிறது. அதைக் கிளப்ப இது போதாது. பத்தாயிரத்தில் இரண்டு மூன்று பிணைப்புகளே மேல்நிலையில் இருக்கும்.

வெப்பம் உண்மையில் ஆட்டுவது 200க்குக் கீழே உள்ள மெதுவான அசைவுகளை: முறுக்கு, வளைவு, இரண்டு இழைகளையும் சேர்க்கும் கார இணைகள் விலகி நெருங்குவது. சுற்றியுள்ள நீர் ஓயாமல் மோதித் தள்ளும். அதே நீர்தான் அசைவை அடக்கவும் செய்யும். இந்தத் தள்ளலில் ஏ-டி (அடினைன்-தைமின்) இணை சில மில்லிவினாடிகளுக்கு ஒருமுறை தானே திறந்து, நானோவினாடிகளில் மூடிக்கொள்ளும். ஜி-சி (குவானைன்-சைட்டோசின்) இணை அவ்வளவு சீக்கிரம் திறக்காது.

பிரிவதைப் பற்றிக் கவலைப்பட்டால் ஏசியை விட உப்பைப் பாருங்கள். சோடியம் பத்தில் ஒரு பங்கானால் நீண்ட இழையின் உருகுநிலை (பாதி இணைகள் பிரிந்திருக்கும் வெப்பநிலை) 16 டிகிரி வாக்கில் இறங்கும். பத்து இணை கொண்ட குட்டி இழையை வெறும் காய்ச்சி வடித்த நீரில் கரைத்தால், ஏசி ஓடும்போதே பிரிந்து கிடக்கும்.

அளந்தே பார்க்கலாம்: 0.1 மோலார் சோடியம் குளோரைடில் டிஎன்ஏவைக் கரைத்து, நிமிடத்துக்கு 0.5 டிகிரி சூடேற்றி, 260 நானோமீட்டர் ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று வளைகோடாக வரையுங்கள்; இழை பிரியும்போது உறிஞ்சல் கூடும். கரைசலில் கரைந்த காற்றை முன்பே நீக்கிவிடுங்கள், குமிழி வந்தால் வளைகோடு தாவும். அப்படியே குளிர்வித்தும் அளங்கள். இரண்டு கோடுகளும் பொருந்தாவிட்டால் பெரும்பாலும் சூடேற்றிய வேகம்தான் அதிகம்.