தேன் மெஷினுக்கு மூன்று லட்சம் கடன் வாங்கலாமா?

கேள்வி: கோத்தகிரிக்குக் கீழே ஒரு ஆதிவாசி கிராமத்தில் இருக்கிறோம். எங்கள் ஐந்து குடும்பத்து ஆண்கள் பாறைத்தேன் எடுக்கிறார்கள். நல்ல வருடமென்றால் 200 கிலோ வரும். சீசனுக்கு முன்பே வியாபாரி 30,000 ரூபாய் முன்பணம் தந்துவிட்டு, தேனைக் கிலோ 250-க்கு எடுத்துக்கொள்கிறார். ஊட்டிக்கு வருகிறவர்கள் 600 கொடுக்கத் தயார். மகளிர் குழுவில் 40,000 சேமிப்பு இருக்கிறது. தேன் சுத்திகரிக்கும் மெஷினுக்கு 3 லட்சம் கடன் கிடைக்கும் என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். 3 லட்சத்தை 11 சதவீத வட்டியில் ஐந்து வருடத்துக்கு வாங்கினால், மாதத் தவணை சுமார் 6,500 ரூபாய். வருடத்துக்கு 78,000. உங்கள் 200 கிலோவையும் 600-க்கே விற்றாலும் கூடுதலாகக் கிடைப்பது 70,000 தான். பாட்டில் செலவை இன்னும் கழிக்கவில்லை. மழை முந்திக்கொண்டு தேன் பாதியாகும் வருடத்தை நினைத்துப் பாருங்கள்.

எனக்கு அதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. தேன் வருவது வருடத்தில் இரண்டு மூன்று மாதம், தவணையோ பன்னிரண்டு மாதமும் வரும். அதைக் கட்டுவதற்காக, வழக்கமாக விட்டுவைக்கும் கூட்டையும் அறுப்பார்கள், முற்றாத அடையையும் பிழிவார்கள். புழு இருக்கும் பகுதியை விட்டு, தேன் பகுதியை மட்டும் எடுக்கிற உங்கள் பழக்கம்தான் இந்தத் தொழிலின் முதல். கடனுக்காக அந்த அசலில் கை வைக்கக் கூடாது.

உங்களுக்குக் குறைவது மெஷின் இல்லை, சீசனுக்கு முந்தைய மாதங்களுக்கான அரிசிப் பணம். அது இல்லாததால்தான் 600 ரூபாய்த் தேன் 250-க்குப் போகிறது. வியாபாரியைப் பகைத்துக்கொள்ளவும் வேண்டாம், அடுப்பெரியாத நாளில் பணம் கொடுத்தவர் அவர். இந்த வருடம் அவரிடம் 15,000 மட்டும் வாங்குங்கள், மீதி 15,000 குழுவிலிருந்து போகட்டும். பாதித் தேன் அவருக்கு, பாதி உங்களுக்கு. உங்கள் 100 கிலோவில் கூடுதல் வரவு 35,000. பாட்டில், லேபிள், பஸ் செலவு என்று கிலோவுக்கு 80 ரூபாய் போனாலும் 27,000 நிற்கும். சேமிப்பில் 10,000-ஐ பாட்டிலுக்கும் கருவிக்கும் ஒதுக்குங்கள். கடைசி 15,000-ஐத் தொடாதீர்கள், அது தேன் பொய்க்கும் வருடத்துக்கு.

கருவி என்றது, ஈரப்பதம் பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டர். கையடக்கமானது, சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். கண்ணாடியில் ஒரு சொட்டுத் தேன் வைத்து, வெளிச்சத்தைப் பார்த்துப் பிடித்தால் அளவு தெரியும். உணவுப் பாதுகாப்பு விதிப்படி தேனில் ஈரம் பொதுவாக 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பழனி மலையில் பாச்சலூர் பக்கம் ஒரு குழுவின் அறையில் பாட்டில் ஒன்றைத் திறந்தேன். மூடி புஸ்ஸென்று எழும்பி, நுரை விரல் வழியாக வழிந்தது. நல்ல தேன்தான், ஆனால் மழைக்குப் பிறகு எடுத்தது, அடையோடு சேர்த்துப் பிழிந்தது, ஈரம் கூடிப் புளித்துவிட்டது. அந்தப் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது இன்னும் மனதில் இருக்கிறது. மெழுகு மூடிய முற்றிய அடையைத் தனியாக எடுத்து, கையால் பிழியாமல் துணியில் தானாக வடிய விடுங்கள். ஈரம் கூடிய தேனை வியாபாரிக்கான பாதியில் சேர்க்கலாம், ஆனால் அவரிடம் சொல்லிவிட்டுச் சேர்த்துவிடுங்கள்.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 2006 வன உரிமைச் சட்டம் தேனையும் மெழுகையும் சிறு வன மகசூல் என்று சொல்லி, அதைச் சேகரித்து விற்கும் உரிமையைத் தருகிறது. 2012-ல் திருத்திய விதிகளில், பக்குவப்படுத்துவதும் காட்டுக்கு வெளியே கொண்டுபோய் விற்பதும் அதில் சேரும் என்று தெளிவாக இருக்கிறது. கிராம சபையில் உரிமை மனு போட்டிருக்கிறார்களா என்று முதலில் கேளுங்கள். பாட்டிலில் அடைத்து விற்க உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும், சிறு வியாபாரத்துக்கு அது எளிதுதான். கோத்தகிரியில் பழங்குடியினரே பங்குதாரர்களாக உள்ள ஆதிமலை உற்பத்தியாளர் நிறுவனத்திலும் விலை விசாரியுங்கள். நூறு பாட்டிலைத் தெருவில் நின்று விற்பதைவிட, கொஞ்சம் குறைந்த விலைக்கு மொத்தமாகக் கொடுப்பது சில சமயம் லாபம்.

அப்புறம், தேன் எடுக்கப் பாறையில் கயிற்றில் இறங்குகிறவரும் மேலே கயிறு பிடிக்கிற மச்சானும் வங்கிக் கணக்கு வைத்திருக்கிறார்களா? பிரதமர் சுரக்ஷா பீமா திட்டத்தில் வருடத்துக்கு 20 ரூபாய்தான். 18 முதல் 70 வயது வரை சேரலாம். விபத்தில் உயிர் போனால் குடும்பத்துக்கு 2 லட்சம். ஜூன் 1-ல் புது வருடம் தொடங்கும், பணத்தை மே கடைசியில் கணக்கிலிருந்து எடுப்பார்கள். அந்தச் சமயத்தில் கணக்கு காலியாக இருந்தால் காப்பீடு நின்றுவிடும். ஐந்து வீட்டுக் கணக்கிலும் இந்த மே மாதம் நூறு ரூபாயாவது இருக்கும்படி நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.