பிரவுசர் ஏன் இப்படிப் பயமுறுத்துகிறது? – கேள்வி பதில்

கேள்வி: சார், வீட்டுக் கம்ப்யூட்டரில் எந்தத் தளத்தைத் திறந்தாலும் 'இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்கிறது. போனில் அதே தளங்கள் ஒழுங்காக வருகின்றன. வைரஸா?

பதில்: முதலில் கம்ப்யூட்டரின் தேதியைப் பாருங்கள். இந்த முகவரிக்கு உரிய தளம் இதுதான் என்று பிரவுசருக்குக் காட்ட ஒவ்வொரு தளமும் ஒரு டிஜிட்டல் சான்றிதழ் வைத்திருக்கும். அதற்குத் தொடக்க நாள், முடிவு நாள் உண்டு. உங்கள் கம்ப்யூட்டர் 2015-இல் நின்றுகொண்டிருந்தால், இன்றைய சான்றிதழ் எதுவும் அதற்குச் செல்லாது. தேதியைத் திருத்தியும், அணைத்துப் போட்டதும் பழையபடி ஆனால், அணைத்திருக்கும்போதும் கடிகாரத்தை ஓட வைக்கும், மதர்போர்டில் உள்ள வட்ட பேட்டரி தீர்ந்திருக்கும். பெரும்பாலும் சிஆர் 2032 தான். வாட்ச் கடையிலேயே கிடைக்கும்.

கேள்வி: அண்ணா, என்னுடையது விண்டோஸ் 7. சில தளங்கள் பாதி வந்து நிற்கின்றன. குரோமை அப்டேட் செய்யவும் முடியவில்லை.

பதில்: முடியாது தம்பி. விண்டோஸ் 7-க்கு வந்த கடைசி குரோம் 109. அது 2023 ஜனவரியில் வந்தது. விண்டோஸ் 7-க்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களோ 2020 ஜனவரியிலேயே நின்றுவிட்டன. 4 ஜிபி ராம் இருந்தால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுப் பாருங்கள். அதுவரை பாங்க் வேலை அந்தக் கம்ப்யூட்டரில் வேண்டாம்.

கேள்வி: பழைய ஆண்ட்ராய்டு 6 போன். குரோமில் சான்றிதழ் பிழை காட்டும் தளங்கள் பயர்பாக்ஸில் திறக்கின்றன. எதை நம்புவது?

பதில்: நல்ல கேள்வி. இங்கே தளத்தின் மீது குற்றம் இல்லை. யார் கொடுத்த சான்றிதழை ஏற்கலாம் என்று ஒரு பட்டியல் போனுக்குள் இருக்கிறது. ஏராளமான தளங்களுக்கு இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பின் மூலச் சான்றிதழ் (அது தரும் மற்றச் சான்றிதழ்களுக்கெல்லாம் அடிப்படையானது) ஆண்ட்ராய்டு 7.1.1 முதல்தான் அதில் இடம்பெற்றது. பழைய போன்களுக்காக வேறொரு நிறுவனத்தின் கையொப்பத்தை வைத்துக் காலம் தள்ளினார்கள்; 2024-இல் அதுவும் முடிந்தது. உங்கள் பழைய குரோம் போனின் பட்டியலைத்தான் பார்க்கிறது. பயர்பாக்ஸ் தன் பட்டியலைத் தானே சுமந்து வருகிறது, அதனால் திறக்கிறது. பயர்பாக்ஸையே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எச்சரிக்கைப் பக்கத்தில் உள்ள 'அட்வான்ஸ்டு' பட்டனை அழுத்தி உள்ளே போகலாமா?

பதில்: வீட்டு ரவுட்டரின் 192.168.1.1 பக்கம் என்றால் தாராளமாக. பாங்க் என்றால் கூடவே கூடாது.

கேள்வி: தள முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருந்ததை நம்பிக் கரண்ட் பில் கட்டினேன். போலித் தளமாம்!

பதில்: முதலில் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைத்துப் புகார் கொடுங்கள், பாங்குக்கும் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை வழியிலேயே நிறுத்தும் வாய்ப்பு அவ்வளவு அதிகம். நீங்கள் அனுப்புவதை நடுவில் யாரும் படிக்க முடியாது என்பதற்குத்தான் பூட்டு அடையாளம். எதிரே இருப்பவர் யோக்கியரா என்று அது பார்ப்பதில்லை. பூட்டு வரத் தேவையான சான்றிதழ் திருடனுக்கும் இலவசமாகவே கிடைக்கிறது. மக்கள் இப்படித் தவறாக எடுத்துக்கொள்வதால்தான் 2023-இல் குரோம் அந்தப் படத்தையே மாற்றியது.

கேள்வி: திரை முழுக்க எச்சரிக்கை, சத்தம், கீழே ஒரு போன் நம்பர். மூடவும் முடியவில்லை.

பதில்: அது பிரவுசர் தரும் எச்சரிக்கையே அல்ல, ஏமாற்று விளம்பரம். உண்மையான எச்சரிக்கையில் போன் நம்பர் இருக்காது. எஸ்கேப் விசையைச் சில நொடி அழுத்திப் பிடித்து முழுத்திரையை விலக்குங்கள், அப்புறம் ஆல்ட், எஃப்4. அந்த நம்பருக்கு மட்டும் பேசாதீர்கள்.