போதகர் பதில்கள்: அந்த வெளிச்சம் அசையவில்லை

என் மகன் ராணுவத்தில் இருக்கிறான். 'கொலை செய்யாதிருப்பாயாக' என்ற கற்பனையை அவன் மீறுகிறான் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார். என்ன பதில் சொல்வது ஐயா?
*– வாசகர், களியக்காவிளை*

யாத்திராகமம் 20:13ல் எபிரேய மூலத்தில் இருப்பது 'ராட்சாக்' என்ற சொல், பொதுவாக மனுஷனை அநியாயமாகக் கொல்வதைக் குறிப்பது. போர்க்களத்தில் எதிரியை வீழ்த்துவதற்கும் சாப்பாட்டுக்கு ஆடு அடிப்பதற்கும் வேதாகமம் வழக்கமாக வேறு சொற்களைப் போடுகிறது. பழைய ஆங்கில வேதாகமம் பொதுவாகக் 'கொல்லாதே' என்று போட்டுவிட்டதால்தான் இந்தக் கேள்வி இத்தனை பேருக்கு வருகிறது. தமிழில் 'கொலை' என்று சரியாகவே விழுந்திருக்கிறது. (கத்தோலிக்கர்கள் இதை ஐந்தாம் கட்டளை என்பார்கள், நாம் ஆறாம் கற்பனை என்போம். எண்ணுகிற முறைதான் வேறு.)

யோவான் ஸ்நானகனிடம் போர்ச்சேவகர் வந்து நாங்கள் என்ன செய்யவேண்டும் என்று கேட்டபோது, வேலையை விட்டுவிடுங்கள் என்று அவர் சொல்லவில்லை. யாரையும் இடுக்கண் செய்யாதீர்கள், பொய்க்குற்றம் சாட்டாதீர்கள், சம்பளம் போதுமென்று இருங்கள் என்றார் (லூக்கா 3:14). அதற்காக யுத்தத்தை வேதம் லேசாக எடுத்துக்கொண்டது என்று நினைக்கவேண்டாம். மிகுதியான இரத்தத்தைச் சிந்தினாய், நீ எனக்கு ஆலயம் கட்டவேண்டாம் என்று தாவீதிடமே கர்த்தர் சொன்னார். உங்கள் மகன் லீவில் வரும்போது அவனாகப் பேசினால் உட்கார்ந்து கேளுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதைக் கொண்டுபோய் அவன் தலையில் வைக்காதீர்கள்.

என் அண்ணன் எல்லைக்கல்லைப் பிடுங்கி நட்டு எங்கள் விளையில் இரண்டு முழம் எடுத்துவிட்டான். ஏழு வருஷமாகப் பேச்சு இல்லை. அவன் செத்தால் மண் போடக்கூடப் போகமாட்டேன் என்று எல்லார் முன்னிலையிலும் சொல்லியிருக்கிறேன். செத்துப்போகட்டும் என்று எத்தனையோ ராத்திரி நினைத்தும் இருக்கிறேன். ஆனால் கை நீட்டியதில்லை. இதுவும் கொலைதான் என்று ஒரு ஊழியர் சொன்னார். சரியா?
*– வாசகர், அருமனை*

முதலில் உங்களுக்கு நடந்தது அநியாயம். 'பிறனுடைய எல்லைக் குறியை ஒற்றிப்போடுகிறவன் சபிக்கப்பட்டவன்' என்று உபாகமம் 27:17 சொல்கிறது. அதே பட்டியலில் ஏழு வசனம் தள்ளி, பிறனை ஒளிப்பிடத்திலே கொலை செய்கிறவனுக்கும் சாபம் இருக்கிறது. இந்த இரண்டும் ஏன் ஒரே பட்டியலில் வந்தன என்று நம் பக்கத்து ஆட்களுக்கு யாரும் விளக்கவேண்டாம். நாபோத்தின் திராட்சத்தோட்டத்துக்கு ஆசைப்பட்ட ஆகாப் ராஜா, கடைசியில் நாபோத்தின் இரத்தத்தில்தான் போய் நின்றான்.

அந்த ஊழியர் சொன்னது பாதி சரி. தன் சகோதரனைப் பகைக்கிறவன் மனுஷ கொலைபாதகன் என்று யோவான் எழுதியிருப்பது உண்மை (1 யோவான் 3:15). நியாயமில்லாமல் கோபித்துக்கொள்பவனும் நியாயத்தீர்ப்புக்கு ஏதுவாவான் என்று இயேசுவும் சொன்னார். ஆனால் நினைத்ததும் செய்ததும் ஒன்றே என்று அதற்கு அர்த்தம் எடுத்தால், நினைத்தாயிற்று, இனி செய்தால் என்ன என்று ஒருவன் கேட்டுவிடுவான். ஆதியாகமம் 4ஐ மறுபடி வாசியுங்கள். கர்த்தர் காயீனிடம் வந்தது அவன் தன் தம்பி ஆபேலைக் கொன்ற பிறகு மட்டும் அல்ல, அதற்கு முந்தியே ஒரு தடவை வந்து, 'உன் முகநாடி ஏன் வேறுபட்டது?' என்று கேட்டார். நீங்கள் இப்போது நிற்பது அந்த இடத்தில். இன்னும் ஆபேல் உயிரோடுதான் இருக்கிறான்.

எனக்குத் தெரிந்த அண்ணன் தம்பி இரண்டு பேர், இதே போல எல்லைத் தகராறு, நடுவில் ஒரு மண் கய்யாலை (எல்லைச்சுவர்). இரண்டு பேருக்கும் ரப்பர் உண்டு. விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போவார்கள். கய்யாலைக்கு இந்தப் பக்கம் ஒரு வெளிச்சம், அந்தப் பக்கம் ஒரு வெளிச்சம், மரத்துக்கு மரம் நகர்ந்துகொண்டே இருக்கும், பேச்சு மட்டும் கிடையாது. ஒருநாள் அண்ணனுடைய வெளிச்சம் தரையோடு கிடந்தது, அசையவில்லை. பாம்பு கடித்திருந்தது. தம்பி கய்யாலையைத் தாண்டிக் குதித்துத் தூக்கிக்கொண்டு ஓடினான், ஆள் பிழைத்துக்கொண்டது. ஆனால் ஒரு வாரம் கழித்து அந்தத் தம்பி என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அழுதான். "ஐயரே, வெளிச்சம் அசையாம கெடக்கியத பாத்துட்டு நான் ஒரு நிமிசம் நின்னுட்டேன். அந்த ஒரு நிமிசம்தான் என்னைத் தின்னுது." அவன் ஒன்றும் செய்யவில்லை. நின்றான், அவ்வளவுதான். 'என் சகோதரனுக்கு நான் காவலாளியோ' என்று காயீன் கேட்டதை அவ்வளவு பக்கத்தில் அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

நிலத்தை விட்டுக்கொடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். தாலுகா அலுவலகத்தில் மனு கொடுத்து சர்வேயரைக் கொண்டு அளந்து கல் போடுங்கள். உரிமையைக் கேட்பதற்குப் பகை தேவையில்லை. மண் போடப் போகமாட்டேன் என்று எல்லார் முன்னிலையிலும் சொன்ன அந்தச் சொல்லை மட்டும், எல்லார் முன்னிலையிலும் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் டிப்பர் ஓட்டுகிறவன். எல்லை தாண்டி கருங்கல் லோடு. போன வருஷம் என் வண்டியில் பைக்காரர் ஒருவர் விழுந்து இறந்தார். கேஸில் விடுதலை ஆகிவிட்டேன். ஆனாலும் தூக்கம் இல்லை. நான் கொலைகாரனா?
*– வாசகர், பனச்சமூடு*

மரம் வெட்டும்போது கோடரி காம்பிலிருந்து கழன்று அடுத்தவன்மேல் பட்டு அவன் செத்தால் என்ன செய்வது என்று உபாகமம் 19 கேட்கிறது. பகை இல்லாமல் நடந்தது, அதனால் அவன் கொலைபாதகன் இல்லை. அவனைப் பழிவாங்கிவிடக் கூடாது என்று கேதேஸ், சீகேம், எபிரோன், யோர்தானுக்கு அக்கரையில் மூன்று என்று ஆறு அடைக்கலப்பட்டணங்கள் வைக்கப்பட்டன. ஆனால் அங்கே போனவன் பிரதான ஆசாரியன் மரிக்கும்வரை வெளியே வரமுடியாது. குற்றவாளி அல்ல, ஆனாலும் ஓர் உயிர் போயிருக்கிறது, ஒன்றும் நடக்காத மாதிரி மறுநாள் வீட்டில் இருக்க முடியாது. உங்களுக்குத் தூக்கம் வராததை நான் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன்.

முட்டுகிற மாடு என்று ஏற்கெனவே சொல்லியும் உடையவன் கட்டாமல் விட்டு ஒருவன் செத்தால், பொறுப்பு உடையவனுக்கு (யாத்திராகமம் 21:29). புது வீடு கட்டினால் மெத்தைக்குக் கைப்பிடிச்சுவர் வை, இல்லாவிட்டால் விழுகிறவனுடைய இரத்தப்பழி உன் வீட்டின்மேல் வரும் (உபாகமம் 22:8). கொலை செய்யாதே என்ற கற்பனை, கத்தியைத் தொடாதவனிடமும் வந்து சுவர் இருக்கிறதா, கயிறு இருக்கிறதா என்று கேட்கிறது. ஆகவே உங்களிடம் நான் கேட்பது: அன்றைக்கு லோடு எவ்வளவு, எத்தனை மணி நேரம் தூங்கியிருந்தீர்கள், பிரேக் சரியாக இருந்ததா? சரியாக இருந்தது என்றால் மனசை ஆற்றிக்கொள்ளுங்கள். இல்லை என்றால் அதை ஆண்டவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், முதலாளி நெருக்கினாலும் இனி அப்படி வண்டி எடுக்காதீர்கள். முடிந்தால் அந்தக் குடும்பத்தைப் போய்ப் பாருங்கள், தனியாகப் போகவேண்டாம், பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

தூக்குத் தண்டனை வேதத்துக்கு ஒத்ததா?
*– வாசகர், பாறசாலை*

ஆதியாகமம் 9:6 அதைச் சொல்கிறது, மனுஷன் தேவசாயலில் உண்டாக்கப்பட்டான் என்ற காரணத்தோடு. ஒரே ஒரு சாட்சியை வைத்து யாரையும் சாகடிக்கக் கூடாது என்று எண்ணாகமம் 35 தடையும் போடுகிறது. ஆனால் முதல் கொலைகாரனாகிய காயீனை ஒருவனும் கொன்றுபோடாதபடி கர்த்தரே அடையாளம் போட்டு அனுப்பினார். எகிப்தியனைக் கொன்ற மோசே, உரியாவைச் சாகவைத்த தாவீது, ஸ்தேவானின் கொலைக்குச் சம்மதித்த சவுல் (பின்னால் பவுல்) எல்லாரும் தூக்கில் போயிருந்தால் வேதாகமத்தில் எத்தனை பக்கம் மிஞ்சும்? நான் தூக்குக்கு எதிர். திருவிதாங்கூரில் 1944ல் மரண தண்டனையை எடுத்தே விட்டார்கள், இந்தியாவோடு சேர்ந்து இந்திய தண்டனைச் சட்டம் வந்தபோதுதான் திரும்ப வந்தது. உங்கள் ஊரும் எங்கள் ஊரும் ஒன்றாக இருந்த காலம் அது.

என் தம்பி தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான். சபைக் கல்லறைத் தோட்டத்தில் இடம் தரமாட்டோம் என்றுவிட்டார்கள். வீட்டு விளையிலேயே அடக்கம் செய்தோம். அவன் நரகத்திலா இருக்கிறான் என்று அம்மா தினமும் கேட்கிறாள்.
*– வாசகி, கொல்லங்கோடு*

மகளே, இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டு.

வேதாகமத்தில் இப்படி இறந்தவர்கள் சிலர் உண்டு. தாவீதின் ஆலோசகனாக இருந்த அகித்தோப்பேல் அதில் ஒருவன். அவனைப் பற்றிய கடைசி வரி, 'தன் தகப்பன் கல்லறையில் அடக்கம்பண்ணப்பட்டான்' என்பது (2 சாமுவேல் 17:23). இடம் மறுத்தவர்கள் அந்த வரியை ஒருதடவை வாசித்திருக்கலாம். இஸ்ரவேலின் ராஜாவாகிய சவுல் தன் பட்டயத்தின்மேலேயே விழுந்து செத்தான். அவன் உடலை எடுக்க யாபேஸ் ஊரார் இராமுழுதும் நடந்தார்கள், எலும்புகளை அடக்கம் செய்து ஏழு நாள் உபவாசம் இருந்தார்கள், அதற்காகத் தாவீது அவர்களை வாழ்த்தி ஆளனுப்பினான். இப்படிச் செத்தவர்கள் எல்லாரும் நரகத்துக்குத்தான் என்று ஒரு வசனமும் இல்லை. ஆறாம் கற்பனை தன் உயிருக்கும் பொருந்தும் என்று சபைப் பிதா அகுஸ்தீன் 5ஆம் நூற்றாண்டில் வாதாடினார், நானும் அதைத்தான் போதிக்கிறேன், உயிர் கொடுத்தவருக்குச் சொந்தம். ஆனால் அதிலிருந்து கல்லறைக் கதவை அடைக்கிற வழக்கம் எல்லாம் பின்னால் மனிதர் சேர்த்தது. கத்தோலிக்கச் சபையே 1983ன் சட்டத்தொகுப்பில் அந்தத் தடையை எடுத்துவிட்டது.

எலியா எவ்வளவு பெரிய தீர்க்கதரிசி. அவர் சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து 'போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்' என்றார். கர்த்தர் அவரைத் திட்டவில்லை. தூங்கவிட்டார், தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் அனுப்பினார், மறுபடி தூங்கவிட்டு மறுபடி சாப்பிடச் சொன்னார். உன் தம்பிக்கு அந்த அடை யார் கையிலிருந்தும் போய்ச் சேரவில்லை. அவன் விசுவாசம் குறைந்ததால் அல்ல, நோய் முற்றியதால் போனான் என்றுதான் நான் நினைக்கிறேன். மரணமும் நம்மைத் தேவ அன்பைவிட்டுப் பிரிக்கமாட்டாது என்று பவுல் எழுதியபோது, எந்த மாதிரி மரணம் என்று பிரித்துச் சொல்லவில்லை.

இதை வாசிக்கிற வேறு யாருக்காவது 'போதும் கர்த்தாவே' என்று இருந்தால், ராத்திரி எந்நேரமானாலும் 14416க்குக் கூப்பிடுங்கள். அரசாங்கத்தின் மனநல உதவி எண் டெலி மனஸ், இலவசம், தமிழிலேயே பேசலாம். கேரளப் பக்கம் இருக்கிறவர்களுக்கு திசா, எண் 1056. ஜெபமும் செய்யுங்கள், டாக்டரையும் பாருங்கள்.

மகளே, அம்மாவைத் தனியாக விடாதே, நீயும் சாப்பிடு. வீட்டுக்கு வழி எழுதி அனுப்பு. அடுத்த மாதம் நான் வந்து, விளையில் அவனை வைத்திருக்கிற இடத்தில் அம்மாவோடு நின்று ஜெபிக்கிறேன்.