கோயில் கடிதமெல்லாம் கணினியோடு போய்விட்டதே!

கேள்வி: வணக்கம் ஐயா. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குச் செயலாளராக இருக்கிறேன். கோயில் நிலம் பற்றித் தோட்ட நிர்வாகத்தோடு எழுதிக்கொண்ட கடிதங்கள், திருவிழா நன்கொடை விவரம் எல்லாம் பதினோரு வருடமாக மின்னஞ்சலில்தான். வீட்டு மடிக்கணினி மெதுவாகிவிட்டதென்று டவுனில் ஒரு கடையில் கொடுத்தேன். கேட்காமலேயே விண்டோஸைப் புதிதாகப் போட்டுவிட்டார்கள். இப்போது அஞ்சல் நிரலில் ஒன்றுமில்லை. இணையத் தொடர்பு எடுத்தபோது கொடுத்த முகவரி அது. இணையம் வழியாக நுழைந்து பார்த்தால் கடைசி இரண்டு வாரக் கடிதம்தான் இருக்கிறது. “பழைய நிரல் சரியில்லை, காசு போட்டு நல்லது வாங்குங்கள்” என்கிறார் கடைக்காரர். எதை வாங்குவது?

– கோயில் செயலாளர், சுங்கை சிப்புட்

பதில்: ஐயா, வாங்குகிற பேச்சு அப்புறம். முதலில் அந்தக் கணினியைப் பயன்படுத்துவதை நிறுத்துங்கள். அழிந்த கோப்பின் இடத்தில் வேறு எதுவும் எழுதப்படாத வரைதான் அதை மீட்க வழி உண்டு. உள்ளே இருப்பது பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் ஓரளவு நம்பலாம். சுழலும் தட்டு இல்லாத புதுவகை எஸ்எஸ்டி என்றால் அழித்த இடத்தை அதுவே துடைத்துவிடும், வாய்ப்பு குறைவு.

கடைக்காரரிடம் ஒன்று கேளுங்கள்: டிஸ்க்கை முழுக்கத் துடைத்து ஃபார்மட் செய்தாரா, இருந்ததன் மேலேயே விண்டோஸைப் போட்டாரா? மேலே போட்டிருந்தால் சி டிரைவில் ‘விண்டோஸ் ஓல்ட்’ என்ற ஃபோல்டரில் உங்கள் பழைய கோப்புகள் இருக்கக்கூடும். சில நாளில் விண்டோஸ் அதைத் தானாக அழித்துவிடும் என்பதால் இன்றைக்கே ஒரு வெளி டிஸ்க்கில் நகலெடுங்கள். நிலக் கடிதங்களின் மறுபக்கம் தோட்ட ஆபீசிலும் இருக்குமே, அங்கேயும் கேட்டுப் பாருங்கள். தோட்டம் கைமாறினால் அந்தக் கடிதங்களுக்கு என்ன மதிப்பு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, குற்றம் நிரல்மேலா? இரண்டு வாரம் மட்டும் மிஞ்சியது என்றீர்களே, துப்பு அதில்தான் இருக்கிறது. உங்கள் கணக்கு ‘பாப்’ முறையில் இருந்திருக்க வேண்டும். ஆபீசுக்கு வந்த தபாலை வீட்டுக்கு எடுத்துப்போவது மாதிரி அது. அவுட்லுக், தண்டர்பேர்ட் போன்ற அஞ்சல் நிரல்களில் பாப் கணக்கு வைத்தால், நாம் மாற்றாத வரை 14 நாள் கழித்து சர்வரில், அதாவது அஞ்சல் சேவை தருபவரின் கணினியில், இருப்பதை நீக்கிவிடும். ஆக, பதினோரு வருடக் கடிதமும் ஒரே மடிக்கணினிக்குள் கிடந்தது. எத்தனை வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து வாங்கிய நிரலாக இருந்தாலும் டிஸ்க்கைத் துடைத்தால் இதே கதிதான்.

இனி ‘ஐமேப்’ முறைக்கு மாறுங்கள். கடிதம் சர்வரிலேயே இருக்கும். கணினியும் கைப்பேசியும் அதைக் காட்டும். ஆனால் கைப்பேசியில் ஒன்றை அழித்தால் எல்லா இடத்திலும் அழியும், ஆகவே இதை மட்டும் சேமிப்பு என்று நம்பிவிடாதீர்கள்.

நிரல் என்று கேட்டால் நான் தண்டர்பேர்டைத்தான் சொல்வேன். இலவசம். அதன் கோப்புகள் திறந்த வடிவில் இருப்பதால் நாளை வேறு நிரலுக்குப் போவதும் எளிது. காசு கொடுத்து வாங்கும் அவுட்லுக்கும் மோசமில்லை. ஆஃபிஸ் தொகுப்பு எப்படியும் வேண்டும் என்றால் எடுங்கள், அஞ்சலுக்காக மட்டும் வேண்டாம். அதில் பாப் கணக்கின் கடிதங்கள் எல்லாம் ஒரே பிஎஸ்டி கோப்புக்குள் போய் உட்காரும். அந்தக் கோப்பு பழுதானால் எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தலைவலி. தண்டர்பேர்டிலும் அந்தச் சங்கடம் சிறிய அளவில் உண்டு: வழக்கமான அமைப்பில் ஒரு ஃபோல்டர் முழுவதும் ஒரு கோப்பு. ஒரு கடிதத்தில் வைரஸ் இருக்கிறதென்று ஆன்டிவைரஸ் அந்த முழுக் கோப்பையே தூக்கி ஒதுக்கிவைத்த கதைகள் நிறைய உண்டு. கடிதங்களும் அமைப்புகளும் இருக்கும் தண்டர்பேர்டின் ப்ரொஃபைல் ஃபோல்டரை ஆன்டிவைரஸின் விலக்குப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

மாதம் ஒருமுறை தண்டர்பேர்டை மூடிவிட்டு, அதே ப்ரொஃபைல் ஃபோல்டரை வெளி டிஸ்க்கில் நகலெடுங்கள். உங்களுக்கு வேண்டியது உண்மையில் அந்த டிஸ்க்தான், அதற்குச் செலவழியுங்கள்.

முகவரியையும் மாற்றுங்கள். இணையச் சேவையை நிறுத்தினால் அவர்கள் கொடுத்த முகவரியும் போய்விடலாம். ஜிமெயில் போன்ற ஒன்றைக் கோயில் பெயரில் திறங்கள், உங்கள் பெயரில் வேண்டாம்; அடுத்த ஆண்டுக்கூட்டத்தில் செயலாளர் மாறலாம் அல்லவா? ஜிமெயில் தரும் இலவச இடம் 15 ஜிபி. கூகல் போட்டோஸ் படங்களும் அதே கணக்கில்தான் சேரும். தீமிதி வீடியோக்களை அங்கே ஏற்றி நிரப்பிவிட்டால் புதுக் கடிதம் உள்ளே வராது.

கடைமேல் புகார் செய்யலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். மலேசியாவின் 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, சேவை தருபவர் தகுந்த கவனத்தோடு செய்ய வேண்டும். வீட்டு உபயோகத்துக்கு வாங்கிய கணினி என்றால் மூன்று ஆண்டுக்குள் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கோரலாம். போன கடிதத்துக்கு விலை நிர்ணயிப்பது கடினம். கடைக்குக் கட்டிய பணத்தையும் மீட்புச் செலவையும் கேளுங்கள். ரசீது இருக்கிறதா? அதையும் ஒரு படம் எடுத்து வையுங்கள், அந்த மடிக்கணினியில் மட்டும் வேண்டாம்.