பனிப்பாறையைச் சொன்ன பிறகு

அன்புள்ள ஐயா,

பருவநிலை மாற்றத்தை மக்களிடம் எப்படிப் பேசுவது என்று நார்வே உளவியலாளர் பெர் எஸ்பென் ஸ்டோக்னெஸ் சொல்வதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். பேரழிவு என்றே பேசினால் மக்கள் விலகிப்போவார்கள் என்பது அவர் வாதம். நான் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். பனிப்பாறை உருகுவதைச் சொல்லாமல் இந்தப் பாடத்தை எப்படி நடத்துவது? நிலைமை மோசம்தானே? அதைப் பூசி மெழுகிச் சொல்வது ஏமாற்று வேலை இல்லையா?

- ஒரு வாசகி

அன்புள்ள ஆசிரியைக்கு,

பூசி மெழுகச் சொல்லவில்லை அவர். பனிப்பாறையைப் பற்றிக் கட்டாயம் சொல்லுங்கள். அதோடு மணி அடித்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

2015ல் வந்த புத்தகத்தில் ஸ்டோக்னெஸ் ஐந்து தடைகளைச் சொல்கிறார். ஆபத்து எங்கோ, எப்போதோ என்று தோன்றுவது, பேரழிவுப் பேச்சு, அறிவுக்கும் செய்கைக்கும் உள்ள முரண், மறுப்பு, தன் தரப்பை விட்டுக்கொடுக்காத அடையாள உணர்வு. எனக்கு மூன்றாவதுதான் முக்கியமாகப் படுகிறது. கார் ஓட்டுகிறோம், விமானத்தில் போகிறோம், கெடுதல் என்றும் தெரியும். காரை விடுவதைவிட, தெரிந்ததை ஓரங்கட்டுவது சுலபம்.

அவர் நாட்டையே பாருங்கள். வடகடலில் எண்ணெயும் எரிவாயுவும் எடுத்து விற்றுத்தான் நார்வே உலகின் மிகப்பெரிய அரசு முதலீட்டு நிதியைச் சேர்த்தது. அமெரிக்க சமூகவியலாளர் காரி நார்கார்ட் 2000-01 குளிர்காலத்தில் அங்கே ஒரு சிற்றூரில் தங்கியிருந்தார். அந்த வருடம் பனி தாமதமாகத்தான் விழுந்தது. சறுக்கு விளையாட்டுக்குச் செயற்கைப் பனி தேவைப்பட்டது. பூமி சூடாவது ஊருக்கே தெரியும். ஆனாலும் அன்றாடப் பேச்சில் யாரும் அதை எடுப்பதில்லை. படித்தவர்கள், நல்லவர்கள். அவர்களிடம் போய் இன்னும் நான்கு பயங்கரப் படங்களைக் காட்டி என்ன ஆகப்போகிறது?

அதே நார்வேயில் 2024ல் விற்ற புதிய கார்களில் பத்தில் ஏறக்குறைய ஒன்பது மின்சாரக் கார்கள். பயந்துபோய் வாங்கியதில்லை. 1990களிலிருந்து அரசு வரிகளை ஒவ்வொன்றாக விலக்கியது. 2001ல் மதிப்புக் கூட்டு வரியும் போனது. பக்கத்து வீட்டு வாசலிலும் ஒன்று வந்து நின்றது. சரியான செயலைச் சுலபமாக்க வேண்டும், அக்கம்பக்கத்தார் செய்வதைக் கண்ணில் காட்ட வேண்டும் என்று ஸ்டோக்னெஸ் வலியுறுத்துவது இதைத்தான். அவர் 2017-18ல் பசுமைக் கட்சியின் மாற்று உறுப்பினராக நாடாளுமன்றத்திலும் உட்கார்ந்தார். எனக்கு அது பிடித்திருக்கிறது. வரியும் சட்டமும் மாறாமல் தனிமனிதரின் மனதை மட்டும் மாற்றிப் பெரிதாக ஒன்றும் நடக்காது.

வகுப்புக்கு உதவும் ஓர் ஆய்வு. கலிபோர்னியாவின் சான் மார்கோஸில் சில வீடுகளுக்கு, அக்கம்பக்கத்தின் சராசரி மின்செலவைத் தெரிவித்தார்கள். அதிகம் செலவழித்தவர்கள் குறைத்தார்கள். குறைவாகச் செலவழித்தவர்களோ கூட்டிவிட்டார்கள்! அவர்களுடைய சீட்டில் மட்டும் ஒரு சிரித்த முகம் வரைந்து கொடுத்தபோது அந்தக் கூடுதல் ஏறக்குறைய நின்றுபோனது. 2007ல் வெளியான ஆய்வு இது.

உங்கள் பிள்ளைகளிடம் பள்ளியின் மின்கட்டண ரசீதைக் கொடுங்கள். எந்த அறையில் எவ்வளவு போகிறது என்று கணக்கெடுக்கட்டும். குறைக்க வழி தெரிந்தால் அவர்களே தலைமை ஆசிரியரிடம் போய்க் கேட்கட்டும். அடுத்த மாத ரசீதையும் அவர்கள் கையிலேயே கொடுங்கள்.